கோயிலுக்குப் போன தூக்குப்போசி

அத்தியாயம் 14

காளியப்பன் தன் மருமகள் அறிவுச்செல்வியோடு பேசி இன்றோடு இருபத்திரண்டு நாளாகிறது. வாராவாரம் படித்து வருகிறவர்களுக்கு இது பழைய சங்கதி. இன்றைக்குத்தான் இந்தப் பக்கத்தைப் புரட்டியவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன்.

வெண்ணந்தூருக்குத் தெற்கே வாய்க்கால் மேட்டோரம் அவர்கள் வீடு. கொட்டகையில் மூன்று மாடுகள். மகன் அன்பழகன் போர்வெல் ரிக் வண்டியோடு சத்தீஸ்கர் பக்கம் போனவன், வருஷத்துக்கு இரண்டு முறை ஊருக்கு வந்து போவான். அவன் மனைவி அறிவுச்செல்வி ஆறு மாதமாக வீட்டிலேயே சோப்பு செய்து விற்கிறாள். தேங்காயெண்ணெய், விளக்கெண்ணெய், காஸ்டிக் சோடா என்று இருந்தவரை மாமனார் கண்டுகொள்ளவில்லை. சேலத்தில் கல்யாணப் பரிசுச் சாமான் கடை வைத்திருக்கும் வஹீதுன்னிசா அம்மாள், "என் மகள் ஹஃப்சா நிக்காஹ்வுக்கு வர்றவங்களுக்குக் கொடுக்க பால் சோப்பு ஐந்நூறு வேணும்மா" என்று கேட்டதுதான் தாமதம், வீடு இரண்டுபட்டுவிட்டது.

காளியப்பன் பால் சொசைட்டியில் முப்பது வருஷம் பால் அளந்தவர். பாலில் ஒரு தூசி மிதந்தால்கூட முகம் சுளிக்கிற மனுஷர். "பாலு பொங்கி அடுப்புல வழிஞ்சாலே மாட்டு மடிக்கு ஆவாதும்பாங்க. இவ அதுல காஸ்டிக்கைக் கொட்டி வேக வெக்கறாளா?" என்று ஒரு நாள் சத்தம் போட்டுவிட்டு வாயை மூடியவர்தான். அதற்குப் பிறகு எதுவானாலும் மனைவி குப்பாயி மூலமாகத்தான். மருமகள் இரண்டடி தள்ளி நின்றாலும், "மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சான்னு அவகிட்டக் கேளு" என்பார். மருமகளும் மாமியாரைப் பார்த்து, "ஆச்சுங்க அத்தே" என்பாள். நடுவில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பி குப்பாயிக்குக் கழுத்து வலி வந்ததுதான் மிச்சம்.

இது ஒரு புறம் இருக்கட்டும். இன்றைக்கு ஆடி மூன்றாம் வெள்ளி. ஊர் மாரியம்மனுக்குப் பாலாபிஷேகம்.

எந்த வீட்டுப் பால் அம்மன்மேல் முதலில் விழ வேண்டும் என்று ஆனியிலேயே சீட்டுப் போட்டு எடுத்துவிடுவது இந்த ஊர் வழக்கம். சொந்த மாட்டுப் பால். அடுப்புச் சூடு படாத பச்சைப் பால். முதல் பால் யாருடையதோ அவருக்குத்தான் முதல் தீர்த்தம். அவர் குடித்த பிறகுதான் ஊர் கை நீட்டும். நாற்பது வருஷமாகச் சீட்டில் பெயர் எழுதிப் போட்டும் வாய்க்காத காளியப்பனுக்கு இந்த வருஷம் வாய்த்துவிட்டது. ஒரு மாதமாக மனுஷர் நிலத்தில் கால் பாவி நடக்கவில்லை.

விடியற்காலையிலேயே குப்பாயி கறந்த பாலை ஒரு எவர்சில்வர் தூக்குவாளியில், எங்கள் பக்கத்துப் பேச்சில் தூக்குப்போசியில், ஊற்றி மூடி, மூடியின் வளையத்தில் ஒரு வேப்பங்கொத்தைச் செருகி, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தாள். பிறகு கூழ் காய்ச்சக் கோயிலுக்குப் போய்விட்டாள்.

ஒன்பது மணிக்கு அறிவுச்செல்வி பின்கட்டில் தன் வேலையை ஆரம்பித்தாள். நல்ல நாளில் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். பால் சோப்பை வார்த்த பிறகு ஆறு வாரம் காய வைக்க வேண்டும். நிக்காஹ்வுக்கு இன்னும் ஏழே வாரம். ஐந்நூறில் எழுபது பாக்கி இருந்தது.

பாலில் காஸ்டிக்கைக் கலப்பது அவசரக்காரர்களுக்கு ஆகிற காரியமில்லை. காஸ்டிக் விழுந்ததும் பால் கொதிகொதியென்று சூடேறும். பாலில் இருக்கிற சர்க்கரை கருகி, செங்கல் நிறமாகி, கோமியம் மாதிரி நாற்றம் கிளம்பும். முதல் இரண்டு முறை அவள் செய்தது அப்படித்தான் பாழாய்ப் போனது. மாமனார் எட்டிப் பார்த்ததும் அந்த நேரத்தில்தான். அவர் கோபத்திலும் ஒரு நியாயம் இருந்தது என்று நான் சொன்னால் நீங்கள் என்மேல் பாயக்கூடாது.

இப்போது அவளுக்குக் கை பழகிவிட்டது. பாலை முன்கூட்டியே ஐஸ் கட்டியாக உறைய வைத்துவிடுவாள். கையுறையும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு, கட்டியின்மேல் காஸ்டிக்கை ஸ்பூன் ஸ்பூனாகத் தூவுவாள். ஐஸ் கரையக் கரையக் கிளறிக்கொண்டே இருப்பாள். அரை மணி நேரத்தில் நிறம் மாறாமல், கன்று ஈன்ற மாட்டின் சீம்பால் போலக் கெட்டியாகத் திரண்டு வரும். பார்த்தால் பால்தான். தொட்டால் தோல் உரிந்துவிடும்.

இன்றைக்கும் அப்படித்தான் வந்தது. ஆனால் மறு பக்கம் காய்ச்சிய எண்ணெயும் அதில் கலந்த ராசிபுரத்து நெய்யும் இன்னும் ஆறவில்லை. இரண்டும் ஒரே பதத்துக்கு வந்தால்தான் கூடும். காஸ்டிக் பாலை அதே மாதிரி இன்னொரு தூக்குப்போசியில் ஊற்றி மூடியை இறுக்கினாள். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. வஹீதுன்னிசா அம்மாள், வீடியோ காலில்.

வீட்டுக்குள் வீடியோவுக்குச் சிக்னல் பத்தாது. வைக்கோல் போர்ப் பக்கம் போனால்தான் முகம் தெரியும். போசியை வெளியே விட்டால் வெயிலுக்குச் சூடேறிவிடும். ஒரு நிமிஷம் யோசித்தாள். சாப்பாட்டுச் சாமான் இருக்கிற இடத்தில் காஸ்டிக்கை வைப்பதில்லை என்று அவளே தனக்குப் போட்டுக்கொண்ட சட்டம் ஒன்று உண்டு. ஆறு மாதமாக மீறாத சட்டம்.

'அஞ்சு நிமிஷம்தானே.'

ஃபிரிட்ஜின் மேல்தட்டில் வைத்துவிட்டு ஓடினாள். வழக்கம்போல மூடியில் ஒரு வேப்பங்கொத்தைச் செருகவும் மறக்கவில்லை.

அந்த வேப்பங்கொத்து குப்பாயி சொல்லிக்கொடுத்த யோசனை. அறிவுச்செல்வி முதலில் காஸ்டிக் சாமான்களில் எல்லாம் 'தொடாதே' என்று எழுதித்தான் ஒட்டியிருந்தாள். "எழுதி ஒட்டுனா இந்த ஊட்ல யாரு கண்ணு படிக்கறா? அம்மை கண்ட ஊட்டு வாசல்ல கொத்து செருகுனா ஒருத்தரு உள்ள வர்றாங்களா? அதயே செருகி வை, ஒரு கை அண்டாது" என்றாள் மாமியார். நல்ல யோசனைதான். ஆடி வெள்ளி மட்டும் நடுவில் வராமல் இருந்திருந்தால்.

"என்னம்மா அறிவு, ஹஃப்சாவோட மாமியார் வீட்ல கேக்கறாங்க. நெய் போட்டா நாள்பட்டுக் காறிப்போகாதா?" என்றார் வஹீதுன்னிசா அம்மாள்.

"எச்சாப் போட்டாத்தானுங்க காறும். நூத்துக்கு மூணு பங்குதான் போடறேன். பால்லயே கொழுப்பு இருக்குதுங்களே, அதையும் கணக்குல சேத்துத்தான் காஸ்டிக் நிறுத்துப் போடறது."

"தயிர், மோர்கூடப் போடலாமாமே?"

"போடலாமுங்க. மோருன்னா நொரை கொஞ்சம் கம்மியா வரும். கல்யாணத்துக்குப் பால்தான் நல்லது."

இப்படியே பேச்சு நீண்டது. போருக்குப் பக்கத்துச் சாய்ப்பில் காய்கிற சோப்புகளை ஒவ்வொரு தட்டாகக் காட்டச் சொன்னார். கடைசியில் குரலைத் தணித்துக்கொண்டார். "ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதே. உங்க வீட்ல எல்லாருக்கும் இதுல சம்மதம்தானே? யாராவது மனசு நொந்து செஞ்ச பொருளை என் பொண்ணு கல்யாணத்துல நான் கொடுக்கமாட்டேன்."

"எல்லாருக்கும் சம்மதமுங்க" என்றாள் அறிவுச்செல்வி. சொல்லும்போதே நாக்கு கூசியது.

ஐந்து நிமிஷம் இருபத்தைந்து நிமிஷமாகியிருந்தது. ஓடி வந்து ஃபிரிட்ஜைத் திறந்தாள். மேல்தட்டு காலி.

கீழ்த்தட்டில், தயிர்ச் சட்டிக்குப் பின்னால், வேப்பங்கொத்தோடு ஒரு போசி இருந்தது. அப்பாடா என்று எடுத்தாள். எடுத்ததும் சந்தேகம் தட்டியது. மூடியைத் திறந்தாள். நீர்க்க, நுரை அடங்காத பச்சைப் பால்.

அது கோயில் பால். அப்படியானால் கோயிலுக்குப் போனது எது?

"வெண்ணிலா!"

நாத்தனார் வெண்ணிலா தலைக்குப் பூ வைத்தபடி முன்னறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். சேலத்தில் ஜவுளிக்கடையில் வேலை. கோயில் நோம்பிக்காக நேற்றுத்தான் வந்திருந்தாள். "என்னங்க அண்ணி?"

"ஃபிரிட்ஜுல இருந்த போசி எங்க?"

"அப்பா வந்து எடுத்துட்டுப் போனாரே. அம்மா கோயில்ல இருந்து போன் பண்ணுச்சு, வேப்பங்கொத்து செருகுன போசிய எடுத்தாரச் சொல்லி. அவரு கதவத் தொறந்தாரு, மேல இருந்தத எடுத்தாரு, போயிட்டாரு. ஏன்?"

அறிவுச்செல்வி கையிலிருந்த போசியைக் கீழே வைத்தாள். "அது சாமி பாலில்ல, வெண்ணிலா. காஸ்டிக்கு."

வெண்ணிலாவின் கையிலிருந்த பூ கீழே விழுந்தது. அபிஷேகம் ஆன பாலைத் தீர்த்தமென்று ஊரே வாங்கிக் குடிக்கும் என்பது அவளுக்கும் தெரியும்.

காளியப்பனின் போன் டிவி மேல் சார்ஜில் கிடந்தது. குப்பாயியைக் கூப்பிட்டார்கள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. கோயில் பறைச் சத்தம் இங்கேயே கேட்கிறது. அங்கே அவள் மடியில் செருகிய போன் எப்படிக் கேட்கும்?

"ஸ்கூட்டி சாவி குடு. நீ அத்தைக்குக் கூப்பிட்டுக்கிட்டே இரு" என்று சொல்லிவிட்டு அறிவுச்செல்வி கிளம்பினாள். கையுறையைக் கழற்றக்கூட இல்லை.

கோயில் முக்கால் கிலோமீட்டர்தான். ஆனால் பாதை முழுக்கப் பால்குடம் எடுத்து வருகிற பெண்கள். ஹாரன் அடித்தால் முறைத்தார்கள். பாதி வழியில் வண்டியை ஒரு வேலியோரம் சாய்த்துவிட்டு ஓடினாள். ஓடும்போது அவள் மனதில் ஓடியதெல்லாம் ஒன்றுதான்: முதல் தீர்த்தம் மாமாவுக்கு. முதலில் குடிக்கப் போவது அவர்.

கோயில் முன்னால் கூட்டம் நெரிந்தது. கயிறு கட்டி ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். கருவறை வாசலில் புது வேட்டியும் இடுப்பில் துண்டுமாகக் காளியப்பன் நின்றார். பூசாரி குமரன் உள்ளே அம்மனுக்கு மஞ்சள் காப்பு சாத்தி முடித்திருந்தார். அவர் கையில் அந்தப் போசி. மூடி திறந்திருந்தது.

"மாமா!" என்று கத்தினாள்.

பறை அதிர்ந்துகொண்டிருந்தது. காளியப்பனின் தலை லேசாக அசைந்தது. திரும்பவில்லை.

"மாமா, அந்தப் பாலை ஊத்த வேண்டாமுங்க!"

இந்த முறை பக்கத்தில் நின்ற நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். காளியப்பன் திரும்பவில்லை. அவர் காது சிவந்ததை அவள் பார்த்தாள். கேட்கிறது. கேட்டும் கேட்காத மாதிரி நிற்கிறார்.

"மாமா! உங்களைத்தானுங்க!"

காளியப்பன் பக்கத்தில் நின்ற கோயில் கமிட்டிக் கலைமணியிடம் குனிந்தார். "பொம்பளைங்க வரிச அந்தப் பக்கம்னு அவகிட்டச் சொல்லுப்பா."

உள்ளே குமரன் போசியை உயர்த்தினார். "பாலு நல்லா சீம்பாலாட்டம் கெட்டியா இருக்குதுங்க, பெரியவரே" என்று பாராட்டு வேறு. அம்மன் தலையில் ஊற்றினார்.

வெள்ளையாக வழிந்த பால், மஞ்சளைத் தொட்ட இடத்தில் சிவந்தது. நெற்றி சிவந்தது. கன்னம் சிவந்தது. கழுத்திலிருந்து பாதம் வரை செக்கச்செவேலென்று ஓடியது.

பறை நின்றது. பிறகு பெண்கள் பக்கம் ஒரு குலவை எழுந்தது. அதன்மேல் இன்னொன்று. கூட்டத்தில் நின்ற நல்லம்மாள் அருள் வந்து, தலைமுடி அவிழ ஆடினாள்.

"ஆத்தா ரத்தம் காட்டிப்போட்டாடா!"

"காளியப்பண்ணன் ஊட்டுப் பாலுக்கு ஆத்தா எறங்கிட்டா!"

யாரோ காளியப்பனின் காலில் விழுந்தார்கள். நாற்பது வருஷம் சீட்டில் பெயர் வராத மனுஷர். கண்ணில் நீர் முட்ட, கை கூப்பியபடி நின்றார். அந்த நிமிஷத்தை அவரிடமிருந்து பிடுங்க வேண்டியிருக்கிறதே என்று அறிவுச்செல்விக்குத் தோன்றியது. ஆனாலும் கூட்டத்தை இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டு போனாள். அருள் வந்தவளைத் தாங்க ஒரு கூட்டம், காலில் விழ ஒரு கூட்டம். பத்தடி கடக்க ஐந்தாறு நிமிஷம் ஆனது.

அபிஷேகப் பால் வெளியே விழும் கோமுகியின் கீழ் எவர்சில்வர் குண்டா வைத்திருந்தார்கள். அது முக்கால்வாசி நிறைந்துவிட்டது. ஜனம் உள்ளங்கையைக் குவித்துக்கொண்டு காத்திருந்தது. பூசாரி ஒரு கரண்டி மொண்டு காளியப்பனின் கையில் வார்த்துவிட்டார்.

அறிவுச்செல்வி கயிற்றைத் தாண்டினாள். குண்டாவைக் கவிழ்த்தாள். சிவந்த பால் மண்ணில் கொட்டி, நுரைத்துக்கொண்டு ஓடியது.

ஊர் கொதித்துவிட்டது.

"அடிப்பாவி! தீர்த்தத்தைத் தட்டிவுட்டுட்டாளே!"

"சாமி குத்தம்டி! குடும்பம் வெளங்குமா?"

"குடிக்காதீங்க! யாரும் தொடாதீங்க!" அவள் குரல் உடைந்தது. "அது பாலில்லீங்க. சோப்புக்கு நான் காஸ்டிக் கலந்து வெச்சது. போசி மாறிப்போச்சு. ஃபிரிட்ஜுல வெச்சது என் தப்பு. ஒரு வாய் குடிச்சாலும் குடலு வெந்துபோயிருமுங்க!"

"அப்ப ரத்தம் எப்புடி வந்துச்சு?" என்று கலைமணி முன்னால் வந்தார்.

"மஞ்சத்தண்ணியில சுண்ணாம்பு கலந்தா ஆரத்தி சிவக்குதில்லீங்களா? சுண்ணாம்புக்குச் சிவக்கற மஞ்சள் காஸ்டிக்குக்கும் சிவக்கும். அவ்வளவுதானுங்க."

சில பெண்களுக்கு அது உறைத்தது. ஆரத்தி கரைக்காத கை அங்கே எது? ஆனால் பெரும்பாலானவர்களுக்கு அந்த விளக்கம் வேண்டியிருக்கவில்லை. கண்ணெதிரே சாமி இறங்கியதைப் பார்த்தவர்களிடம் சோப்பு, காஸ்டிக் என்று சொன்னால் யாருக்குப் பிடிக்கும்?

"மாமனாரு பேரு மேல வர்றது பொறுக்காம வந்து நிக்கறா" என்றது ஒரு குரல். "இருபது நாளா அவரு இவகிட்டப் பேசறதில்லையாம். அந்த வயித்தெரிச்சல்."

கலைமணி காளியப்பன் பக்கம் திரும்பினார். "எதுக்குங்க வளவளன்னு? முதல் தீர்த்தம் உங்க கையிலதான இருக்குது. நீங்க குடிங்க. எது நெசம்னு ஊருக்குத் தெரிஞ்சிரும்."

எல்லார் கண்ணும் அவர் கைமேல் விழுந்தது.

காளியப்பன் குவித்த உள்ளங்கையைப் பார்த்தார். இளஞ்சிவப்பாக ஒரு மடக்கு. கட்டைவிரலால் அதை மெல்லத் தேய்த்துப் பார்த்தார். முப்பது வருஷம் பால் அளந்த விரல். தண்ணீர் கலந்த பாலும், பொழுது தப்பிக் கறந்த பாலும், மாவு கரைத்த பாலும் அந்த விரலிடம் தப்பியதில்லை. இது வழுக்கியது. சோப்பு போல வழுக்கியது. ரேகைகளுக்குள்ளே ஊசி குத்துகிற மாதிரி எரிய ஆரம்பித்திருந்தது.

அவருக்குத் தெரிந்துவிட்டது. அவருக்குத் தெரிந்துவிட்டதென்று அறிவுச்செல்விக்கும் தெரிந்துவிட்டது.

ஆனால் மனுஷர் கையை இறக்கவில்லை. காலில் விழுந்தவன் இன்னும் எழுந்திருக்கவில்லை. 'ஆத்தா எறங்குன ஊடு' என்று இனி தலைமுறைக்கும் பேசுவார்கள். கையை உதறினால் அத்தனையும் போகும். சாமிமேல் காஸ்டிக் ஊற்றிய வீடு என்றுதான் பெயர் நிற்கும். பிடிவாதக்காரர். இருபத்திரண்டு நாள் ஒரே வீட்டில் பேசாமல் இருந்து காட்டியவர். குடித்தாலும் குடித்துவிடுவார்.

கை வாயை நோக்கி உயர்ந்தது.

"மாமா, வேண்டாமுங்க." இந்த முறை அவள் கத்தவில்லை. கைகூப்பினாள். "என்ர சோப்பெல்லாம் தூக்கி வாய்க்கால்ல போட்டுர்றேன். இனிமே பாலத் தொடவே மாட்டேன். நீங்க என்கிட்டப் பேசவே வேண்டாமுங்க. அதைக் கீழ வுட்டுருங்க."

காளியப்பன் அவளைப் பார்த்தார். இருபத்திரண்டு நாளில் முதல் தடவையாக நேராக, கண்ணுக்குக் கண் பார்த்தார். அவள் கையில் இன்னும் மாட்டியிருந்த கையுறையையும், ஓடி வந்ததில் முள் கிழித்து ரத்தம் கசிந்த காலையும் பார்த்தார்.

கையைக் கவிழ்த்துவிட்டார்.

"இது பாலில்ல" என்றார் ஊரைப் பார்த்து. "எம்மருமக சொல்றது நெசம். போசிய எடுத்தாந்தது நானு."

"பெரியவரே, உங்களுக்கு என்ன..." என்று கலைமணி இழுத்தார்.

"இரு, நான் இன்னும் முடிக்கல. ஊத்தறதுக்கு முன்னால மூணு வாட்டி என்னைக் கூப்புட்டா. மூணு வாட்டியும் எனக்குக் காது கேட்டுது. நாந்தான் திரும்பல. ஆத்தாமேல இது விழுந்ததுக்குக் காரணம் அவ இல்ல, என்ர வீம்பு. தண்டம் போடறதா இருந்தா எனக்குப் போடுங்க."

கூழ் அடுப்பின் பக்கம் நின்ற குப்பாயி முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"தண்டம் அப்பறமுங்க. மொதல்ல கைய நீட்டுங்க, மாமா. பூசாரியண்ணா, நீங்களும் வாங்க." அறிவுச்செல்வி ஒரு குடத்தை எடுத்து அவர் கையில் தண்ணீரை ஊற்றினாள். நிறுத்தாமல் ஊற்றினாள். யாரோ எலுமிச்சம்பழத்தை அறுத்துக்கொண்டு ஓடி வந்தார்கள். "அதெல்லாம் வேண்டாமுங்க. வெறுந்தண்ணி, கால் மணி நேரம். அம்மன் மேலயும் குடம் குடமா ஊத்துங்க. யாரு கால்ல தெறிச்சிருந்தாலும் கழுவுங்க."

ஏவுகிற குரலாக இருந்தது அது. ஊர் கேட்டது. பால்குடம் எடுத்து வந்த பெண்களே தண்ணீர்க் குடத்துக்கு வரிசை கட்டினார்கள். காளியப்பனின் உள்ளங்கை நடுவில் கொழுக்கட்டை அளவுக்குச் சிவந்திருந்தது. அவர் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"யாரும் குடிக்கலதானுங்க?" என்று பூசாரியைக் கேட்டாள்.

"இல்லம்மா. பெரியவரு குடிக்காம ஊரு குடிக்காது. அந்த வழக்கந்தான் காப்பாத்துச்சு."

"குண்டாவுல இருந்து யாரும் மொண்டுக்கிட்டுப் போகலியே?"

குமரன் கழுவிக்கொண்டிருந்த கையை அப்படியே நிறுத்தினார்.

"அண்ணா, சொல்லுங்க!"

"ராசாத்தி..." என்றார் அவர். "மேக்கால ஊட்டு ராசாத்தி. ஆத்தா செவந்ததும் ஓடியாந்து ஒரு பாட்டில்ல புடிச்சுக் குடுங்கன்னா. ராசிபுரத்துல அவ புள்ளைக்கு நேத்து பொறந்த கொழந்தைக்கு மூச்சு வாங்குதாம். இது ஆத்தா காட்டுன ரத்தம், நாக்குல ஒரு சொட்டு வெச்சாப் பொழச்சுக்கும்னு அழுதா. குடிக்கறதுக்கு இல்லையே, கொண்டுபோறதுக்குத்தானேன்னு நானே புடிச்சுக் குடுத்துப்போட்டேன்மா. பத்தேகால் பஸ்ஸுக்கு ஓடுனா."

குப்பாயி அதற்குள் ராசாத்திக்குப் போன் போட்டிருந்தாள். மணி அடித்தது. பந்தலுக்கு உள்ளேயே, கூழ் அண்டாவின் பக்கத்தில் கிடந்த ஒரு சுருக்குப் பைக்குள்ளிருந்து அடித்தது.

"எந்த ஆஸ்பத்திரி?" என்று அறிவுச்செல்வி கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை.

அவள் குடத்தைக் கீழே போட்டுவிட்டு வேலியோரம் சாய்த்த ஸ்கூட்டியை நோக்கி ஓடினாள். பின்னால் யாரோ மூச்சிரைக்க ஓடி வருகிற சத்தம். ஈரக் கையைத் துண்டில் சுற்றியபடி காளியப்பன்.

"நீ மட்டும் போய்ச் சொன்னா ராசாத்தி நம்பமாட்டா, அம்மிணி. வண்டிய எடு."

அவர் பின்னால் ஏறி உட்கார்ந்தார். ராசிபுரம் போய்ச் சேர பஸ்ஸுக்கு அரை மணி நேரம் ஆகும். அது கிளம்பி இருபது நிமிஷம் ஆகியிருந்தது.